வெள்ளிக்கிழமை வெளியே போகாது

"கற்பகம்! முள்ளிப்பட்டு கமலக்கண்ணன் சம்சாரம் கற்பகம்!"

டவாலி குறுக்கே போட்ட ஆள் ஆரணிக் கோர்ட்டு வராந்தாவில் நின்று கூப்பிட்டான். முதல் தரமே கற்பகத்தின் காதில் விழுந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை. நாலு பேர் கேட்கத் தன் பெயரை ஒருத்தன் இப்படிக் கூவி அவள் கேட்டதேயில்லை. ரேஷன் கடையில்கூட அட்டை நம்பரைத்தான் கூப்பிடுவார்கள்.

"உன்னத்தான் கூப்பிடறாங்க. எழுந்து போ, ஜல்தி" என்றான் கமலக்கண்ணன். சொன்னவன் தானும் பின்னாலேயே வந்தான். கோயிலுக்குள் போகிறவன்போலச் செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

நீதிபதி ஒரு பெண். கற்பகத்தைவிட வயதில் சின்னவள். அவளைப் பார்த்ததும் கற்பகத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பெண்ணுக்குப் பெண் சொன்னால் புரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், கோர்ட்டைப்பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா படித்தார். கொசப்பாளையம் தணிகாசலம் மகன் சந்தோஷ் என்பவரிடம் நாலரை லட்சம் ரூபாய் கைமாற்றாக வாங்கி, அதற்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்தது என்று போயிற்று அது.

"நாலரை லட்சமா?" கற்பகம் வாய்விட்டே கேட்டுவிட்டாள். "அம்மா, நாலரை லட்சத்த நான் கண்ணால பாத்ததுகூட இல்லீங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"நாங்க யாருக்கும் பாக்கி இல்லீங்கம்மா."

"ஒத்துக்கலை. இது உங்க கையெழுத்தா, பாருங்க."

செக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள். தொகையும் தேதியும் யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள். கீழே 'கற்பகம்' என்று குண்டு குண்டாக, கடைசிப் புள்ளி மட்டும் மிளகு மாதிரிப் பெரியதாக, அவளுடைய எழுத்து. நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்திருந்தது. காய்ந்து பழுப்பாகிப்போன மஞ்சள். அதைப் பார்த்த கணத்தில் இது எந்த வீட்டில், எந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த செக் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"என் கையெழுத்துதாங்க" என்றாள்.

வெளியே டீக்கடையில் அவளுடைய வக்கீல் அன்பழகன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் இன்னாம்மா சொன்னேன்? ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு கம்முனு இருன்னு சொன்னேனா இல்லியா?"

"என் எழுத்து எனக்குத் தெரியாதா சார்? நாலு மூலையில மஞ்ச வேற கீது. அத வெச்சிகினு எப்படிப் பொய் சொல்றது?"

"சரி, விடு. பேங்க்ல கேட்டாலும் அதத்தான் சொல்லுவான். இப்ப நல்லா கேட்டுக்கோ. கையெழுத்து உன்னுதுன்னு ஆயிட்டா, கடனும் இருக்குதுன்னுதான் கோர்ட்டு எடுத்துக்கும். இல்லன்னு நீதான் காட்டணும். காட்டலன்னா துட்ட கட்டணும், இல்லன்னா உள்ள போவணும்."

"உள்ளன்னா?"

"வேலூரு. பொம்பளைங்க ஜெயிலு."

கமலக்கண்ணன் கையிலிருந்த டீயைக் குடிக்கவேயில்லை. விற்றுக் கட்டுவதற்கு அவர்களிடம் இருந்தது முள்ளிப்பட்டு வீடு ஒன்றுதான். வீடு என்றால் முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு சமையல்கட்டு. கூடத்தில் தறி. குழித்தறிக்குத் தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்யமுடியும். வீடு போனால் பள்ளம் போயிற்று, பள்ளம் போனால் தறி போயிற்று. வாடகை வீட்டுத் தரையை நோண்ட எந்த வீட்டுக்காரன் விடுவான்?

நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

தணிகாசலம் ஆரணி டவுனில் பெரிய முதலாளி. பட்டும் ஜரிகையும், தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவும் கொடுத்து, சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுத் தறிகளில் புடவை நெய்து வாங்குகிறவர். ஒரு புயலில் கமலக்கண்ணன் வீட்டுக் கூரை ஓடு பறந்துபோய்ப் பாவெல்லாம் நனைந்தபோது, எண்பதாயிரம் முன்பணம் கொடுத்தவர் அவர்தான். மகராசன், நல்ல மனுஷன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல மனுஷனும் முதலாளிதானே. கையெழுத்துப் போட்ட வெறும் செக் இரண்டு கேட்டார். "ஒண்ணு தப்பிப்போச்சுன்னா இன்னொண்ணு" என்றார். கமலக்கண்ணனுக்குப் பாங்குக் கணக்கே கிடையாது. மகளிர் குழுவில் சேர்ந்தபோது கற்பகத்துக்குத்தான் கணக்கும் செக் புத்தகமும் கொடுத்தார்கள். அவள் போட்டுக் கொடுத்தாள். தணிகாசலத்தின் சம்சாரம் செல்லம்மாள் அதற்கு மஞ்சள் தொட்டுவைத்து, பூஜை அறையில் படவேட்டு ரேணுகாம்பாள் படத்துக்குப் பின்னால் செருகினாள். அந்த வீட்டில் பத்திரமாக இருக்கவேண்டிய எதுவும் அங்கேதான் இருக்கும்.

முன்பணம் வாங்கின தறி அந்த முதலாளிக்குத்தான் நெய்யவேண்டும். வேறு முதலாளிக்குப் போகவேண்டுமானால், புது முதலாளி பழைய பாக்கியைக் கொடுத்துத் தறியை மாற்றிக்கொள்ளவேண்டும். இது எழுதாத சட்டம். நாலு வருஷம் கழித்து சுப்பராயலு என்ற முதலாளி, புடவைக்கு இருநூறு ரூபாய் கூலி கூட்டித் தருகிறேன் என்று கூப்பிட்டார். எண்பதாயிரத்தையும் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் போய்க் கட்டுவதாகப் பேச்சு. ஆனால் சுப்பராயலு வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள்ளேயே பணத்தைக் கமலக்கண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அவர் வீட்டிலும் வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகாது. கடன்காரனுக்கு மட்டும் வெள்ளி ஏது, செவ்வாய் ஏது. கமலக்கண்ணனும் கற்பகமும் வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் பையில் பணத்தோடு போய் நின்றார்கள்.

தணிகாசலம் வாங்கிச் சம்சாரத்திடம் கொடுத்தார். செல்லம்மாள் எண்ணி மடியில் கட்டிக்கொண்டாள். கமலக்கண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே செக்கைக் கேட்டான்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைப்பா" என்றாள் செல்லம்மாள். "வெளக்கேத்தி பூஜையில கீறத எடுத்து எப்படி வெளிய குடுக்கறது? லட்சுமி வெளிய போயிடுவா. நாளைக்கு வந்து வாங்கிக்கோ."

வெள்ளிக்கிழமை வாங்கலாமாம், கொடுக்கத்தான் கூடாதாம். ஆனால் இதைக் கேட்டபோது கற்பகத்துக்கு வித்தியாசமாகவே படவில்லை. அவள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி உப்புகூடக் கொடுக்கமாட்டாள். "ஆமாங்க பெரியம்மா, நாளைக்கே வாங்கிக்கறோம்" என்று அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். மற்ற நெசவாளிப் பெண்களெல்லாம் செல்லம்மாளை முதலாளியம்மா என்பார்கள். கற்பகம் மட்டும்தான் பெரியம்மா என்பாள்.

மறுநாள் சுப்பராயலு வீட்டுப் புதுப் பாவு வந்துவிட்டது. பழைய பாவின் நுனியோடு அதை இழை இழையாகப் பிணைக்கவேண்டும். விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்து முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிற்று. அப்புறம் கமலக்கண்ணன் போனபோது தணிகாசலம் பெங்களூருக்குப் பட்டு வாங்கப் போயிருந்தார். "அது எங்க போவுது? அம்மனுக்குப் பின்னாடி பத்திரமா கீது" என்றாள் செல்லம்மாள். இன்னொரு தரம் போய்க் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்புறம் கொரோனா வந்தது. இரண்டாம் அலையில் தணிகாசலம் போய்ச் சேர்ந்தார். சாவுக்குக்கூட யாரையும் விடவில்லை. செத்தவர் வீட்டில் போய் எவன் செக் கேட்பான்?

தணிகாசலத்தின் மகன் சந்தோஷ் கடன் வாங்கி விசைத்தறி போட்டான். போட்டது நஷ்டம். வட்டிக்காரர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனவன் கடைசியில் ரேணுகாம்பாளையும் நகர்த்திப் பார்த்திருக்கிறான்.

*

ஐப்பசி மழை அந்த வருஷம் விட்டு விட்டுப் பெய்தது. தறிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறிற்று. காலையில் எழுந்ததும் கற்பகம் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றி, வாளியை வாசலில் கொட்டுவாள். பாவு நமுத்துப்போய் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குமுட்டியில் கரியைப் பற்றவைத்துப் பாவுக்கு அடியில் தள்ளி, சூடு காட்டிக் காட்டி நெய்யவேண்டியிருந்தது. பத்து நாளில் முடிகிற புடவை இருபது நாள் ஆயிற்று. அதற்கு நடுவில் கோர்ட்டு வாய்தா வேறு. போனால் ஒரு நாள் கூலி போச்சு, போகாவிட்டால் வாரண்டு.

நொய்க் கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்துக் கமலக்கண்ணனைக் கூப்பிட்டாள். அவன் பள்ளத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"சுப்பராயலு அண்ணன் வந்து சொன்னாருன்னா போதும்னு வக்கீல் சொன்னாரே, போய்ப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"இன்னா சொன்னாரு?"

"காபி குடுத்தாரு."

"காபிய யாரு கேட்டா?"

கமலக்கண்ணன் குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்தான். "எண்பதாயிரம் ரொக்கமா குடுத்தேன்னு கோர்ட்டுல சொன்னா, கணக்கு எங்கன்னு கேப்பாங்களாம். ஜிஎஸ்டிகாரன் வூட்டாண்ட வந்து நிப்பானாம். 'உனக்கோசரம் நான் மாட்டிக்க முடியுமாடா'ன்னாரு. இன்னா பதில் சொல்றது? அவர் சொல்றதும் நாயந்தானே?"

"எல்லாரும் சொல்றது நாயந்தான். நம்ம நாயம் ஒண்டிதான் எடுபடல" என்றாள் கற்பகம். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் கஞ்சிக் குண்டானை நங்கென்று வைத்தாள். "அன்னிக்கு வாய வெச்சிகினு சும்மா இருந்தியே. வெள்ளிக்கிழமையாவது வெங்காயமாவது, எடும்மா செக்கன்னு கேக்கறதுக்கு இன்னா?"

"நீதான முந்திகினு சரிங்க பெரியம்மான்ன."

கற்பகம் குண்டானை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். அவன் பொய் சொல்லவில்லையே.

மறுநாள் அவளே ஆரணிக்குப் பஸ் ஏறினாள். கொசப்பாளையத்தில் செல்லம்மாள் வீட்டு முன்னறையில் முன்பு எப்போதும் புடவை மூட்டையும் ஆட்களுமாக இருக்கும். இப்போது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. செல்லம்மாள் அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் மணையைப் போட்டு, நொய் உப்புமாவும் கத்திரிக்காய் கொத்சும் வைத்தாள்.

"சாப்புடு மொதல்ல. மூஞ்சப் பாரு, காஞ்சி கருவாடாப் பூட்ட."

கற்பகம் சாப்பிட்டாள். பசி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

"பெரியம்மா, உங்க கையால எண்ணினீங்க. மடியில கட்டினீங்க. எனக்குக் கண்ணுலயே நிக்குது."

"எனக்குத் தெரியாதாடி? மூணு தடவ எண்ணினேன். ஒரு அம்பது ரூபா நோட்டு கிழிஞ்சிருந்திச்சி, மாத்திக் குடுன்னு உன் வூட்டுக்காரன்கிட்ட கேட்டேன்."

"கோர்ட்டுல வந்து அத ஒண்டி சொல்லுங்க, போதும். நாலரை லட்சம் எங்கள வித்தாலும் வராது. வூடு போச்சுன்னா நாங்க எங்க போவோம்?"

செல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தப் பையன் எதுக்குப் பொறந்தான்னு இருக்குது எனக்கு. அவங்க அப்பா இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு." பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வந்து சொல்றேன்டி. படவேட்டம்மா அறிய வந்து சொல்றேன். நீ போ."

கற்பகம் படியிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. செல்லம்மாள் குடையை எடுத்துவந்து கொடுத்தாள். அன்று வியாழக்கிழமை.

*

சாட்சி சொல்லச் செல்லம்மாள் வந்தாள். சந்தோஷின் காரில் வந்து இறங்கினாள். அதைப் பார்த்தபோதே கற்பகத்துக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எப்படி வந்தால் என்ன, வந்தாளே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். செல்லம்மாள் அவள் நின்ற பக்கம் திரும்பவில்லை. கூண்டில் ஏறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்பழகன் கேட்டார். "கமலக்கண்ணனும் கற்பகமும் ஒரு வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க."

"எதுக்கு வந்தாங்க?"

"செக்க திருப்பிக் கேட்டு வந்தாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை எங்க வூட்ல எதையும் வெளிய குடுக்கமாட்டோங்க. நாளைக்கு வாங்கிக்கோன்னு சொன்னேன்."

கற்பகத்துக்கு உயிர் வந்தது. வாசற்படியில் நின்ற கமலக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எண்பதாயிரம் ரூபாய் பணத்தை அவங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட கட்டினாங்க. நீங்கதான் எண்ணி வாங்கினீங்க. சரிதானே?"

செல்லம்மாள் கண்ணைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். பின் பெஞ்சில் சந்தோஷ் எழுந்து நின்றான். அவன் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றான்.

"சொல்லுங்கம்மா."

"ஆம்பளைங்க பண சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்க."

"எண்ணி வாங்கலையா நீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்லீங்க."

அன்பழகன் நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். நாலு தரமும் ஞாபகம் இல்லைதான். அப்புறம் சந்தோஷின் வக்கீல் எழுந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கையெழுத்துப் போட்ட செக்கை அந்த அம்மா தானா மனசாரத்தானே உங்க வீட்ல குடுத்தாங்க?"

"ஆமாங்க. ரெண்டும் அவதான் குடுத்தா. நான்தான் மஞ்ச வெச்சேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எதுவுமே ஞாபகம் இல்லை என்று முழுப் பொய்யாகச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை தப்பித்திருப்பார்கள். பாதி உண்மை சொல்லிப் பாழாக்கிவிட்டாள் மகராசி. செக் கொடுத்தது உண்மை, திருப்பிக் கேட்டது உண்மை, பணம் கட்டினதுக்கு மட்டும் சாட்சி இல்லை.

"ரெண்டும்னாளே, இன்னொரு செக்கு அங்கயே கீது சார்" என்றாள் கற்பகம் வெளியே வந்ததும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"மொதல்ல இந்த ஒண்ணுலருந்து வெளிய வா. அத அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அன்பழகன்.

தீர்ப்பு வருவதற்கு முன்னால் அவரே சமரசம் பேசினார். நாலரையை மூன்றாக்கினார். அவர்மேல் தப்பில்லை, அவரால் ஆனது அவ்வளவுதான். வீட்டை விற்றார்கள். வாங்கினவன் அரிசி மண்டிக்காரன், மூட்டை அடுக்க வாங்கினான். "பள்ளத்த மூடிக் குடுத்துடு. மூட்ட எறக்கற ஆளு கால உட்டுக்கப்போறான்" என்றான்.

கமலக்கண்ணன் தறியைப் பிரித்தான். மரங்களை எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாத்தினான். ஆற்றோரத்திலிருந்து மண்ணை வண்டியில் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டினான். கற்பகம் தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்தாள். இரண்டு பேர் மிதித்தும் அந்த இடம் கொஞ்சம் அமுங்கியே இருந்தது. இன்னும் ஒரு வண்டி மண் வேண்டும் என்றான் கமலக்கண்ணன். சொன்னவன் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

சேவூர்ப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. சிமெண்டுத் தரை. கமலக்கண்ணன் அடுத்தவன் தறிக்குக் கூலிக்குப் போனான். கற்பகம் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்தாள்.

*

அடுத்த வருஷம் கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கற்பகம் கொசப்பாளையத்தில் செல்லம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். தெரு முழுக்க வாசலுக்கு வாசல் அகல் விளக்கு எரிந்தது. செல்லம்மாளும் கோலத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, வாசற்படியில் ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வாடி, உள்ள வா" என்றாள்.

"இருக்கட்டுங்க முதலாளியம்மா. இங்கயே நிக்கறேன்."

முதலாளியம்மா என்று அவள் சொன்னது செல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "என்ன வெட்டிப் போட்டாலும் தகும்டி. அன்னிக்குக் காலைல அவன் இன்னா சொன்னான் தெரியுமா? 'போய்ச் சொல்லு. சொல்லிட்டு வந்து என்னத் தேடாத'ன்னான். சொல்லிட்டுக் கதவ சாத்திகினான். பெத்தவ நான் இன்னாடி பண்ணுவேன்? நீயே சொல்லு."

கற்பகம் கேட்டுக்கொண்டு நின்றாள். செல்லம்மாள் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் தானும் கூண்டில் ஏறி அதையேதான் சொல்லியிருப்போமோ என்றுகூடத் தோன்றியது. தோன்றியும் அவளுக்கு மனசு இளகவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இன்னொரு செக்கு கீதுல்ல. அத வாங்கிகினு போலாம்னு வந்தேன்."

"அது கீதுடி. அவன் ஒண்ண எடுத்துகினு போன அன்னிக்கே, கண்ணுல படாம நான்தான் பீரோவுல புடவை மடிப்புல வெச்சேன்."

"குடுங்க."

செல்லம்மாள் விளக்கைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். "இன்னிக்கு வெள்ளிக்கிழமைடி. வெளக்கு வெச்சாச்சி. நாளைக்குக் காலைல நானே கொண்டாந்து..."

"நாளைக்குன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்கு எங்க வூட்டையே குடுத்துட்டோம். இன்னொரு நாளைக்குன்னா, குடுக்கறதுக்கு எங்ககிட்ட வூடு இல்லீங்க முதலாளியம்மா."

சத்தம் போட்டு அவள் சொல்லவில்லை. எதிர்வீட்டில் விளக்கு வைத்துக்கொண்டிருந்த பெண்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் வரவில்லை. வராவிட்டால் விடிய விடிய இங்கேயே நிற்பது என்று கற்பகம் நினைத்துக்கொண்டாள்.

வந்தாள். செக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள வந்து வாங்கிக்கோடி. வாசப்படிக்குக் குறுக்க குடுக்கக்கூடாது."

"குடுங்க."

செல்லம்மாளின் கை வாசற்படியைத் தாண்டி வந்தது. கற்பகம் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். அதே குண்டு எழுத்து, அதே பெரிய புள்ளி, நாலு மூலையிலும் மஞ்சள். தொகை எழுதுகிற இடம் வெறுமையாக இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று அது இத்தனை வருஷம் அம்மன் படத்துக்குப் பின்னாலும் புடவை மடிப்பிலும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

குனிந்து, வாசற்படி அகலில் அதன் மூலையைக் காட்டினாள்.

"ஐயோ, ஐயோ! வெளக்குலயாடி! வெள்ளிக்கிழமை அதுவுமா!" செல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காகிதம் சுருண்டு எரிந்தது. விரல் சுடுகிறவரைக்கும் கற்பகம் விடவில்லை. மிச்சத்தைக் கோலத்தின் நடுவில் போட்டாள். அது எரிந்து அடங்கிக் கரியாகக் கிடந்தது. செல்லம்மாள் பதறிப்போய் உள்ளே திரும்பி, கதவு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள்.

"வெளக்கு வெச்ச பொறவு பெருக்கக்கூடாதுங்க முதலாளியம்மா" என்றாள் கற்பகம். "வெள்ளிக்கிழமை வேற. நாளைக்குப் பெருக்கிக்கோங்க."

செல்லம்மாள் துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கற்பகம் தெருவில் இறங்கி, சேவூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.